நகர்மன்றத்தை எதிர்த்த ஒரு தட்டும் பாளையங்கால்வாய்ப் பாட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மூன்று வாரங்களுக்கு முன் வெளிவந்த, பங்க் என்னும் உரத்த, வேகமான கிட்டார் இசை பற்றிய கட்டுரையையும், அதை மறுத்து எழுதப்பட்டுச் சென்ற வாரம் ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியில் இடம்பெற்ற பாளையங்கோட்டை வாசகரின் கருத்தையும் படித்தேன். இங்கிலாந்தில் 1977இல் தோன்றி 1980இல் கலைந்துபோன கிரைசிஸ் என்னும் இசைக்குழு, தன் முதல் இசைத்தட்டையே ஒரு நகர்மன்றக் கட்டடத்தை எதிர்த்து வெளியிட்டது என்பது கட்டுரை சொன்ன செய்தி. மூன்று ஆண்டுக்குமேல் தாக்குப்பிடிக்காத பிள்ளைகளின் கூச்சலுக்குத் தமிழ் நாளிதழில் அரைப்பக்கம் எதற்கு என்றும், ஒரு கட்டடம் வேண்டாம் என்பதெல்லாம் பாட்டுக்குரிய பொருளா என்றும் அந்த வாசகர் கேட்டிருந்தார். அவர் என் வயதை ஒத்தவராக இருக்கக்கூடும். நம் பிள்ளைகளின் மீதுள்ள அக்கறையால்தான் எழுதியிருக்கிறார் என்பதும் அவருடைய சொற்களிலிருந்து தெரிகிறது. ஆயினும் அவருடைய இரண்டாவது கேள்வியைப் படித்தபின் என்னால் வாளாவிருக்க முடியவில்லை. ஊரில் எழவிருக்கும் ஒரு கட்டடத்தைப் பற்றியும், தெருவில் ஓடும் ஒரு கால்வாயைப் பற்றியும், உடைந்து கிடக்கும் ஒரு மடையைப் பற்றியும் பாடப்படும் பாட்டே எதிர்ப்புப் பாட்டுகளில் வலிமை மிக்கது என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை எனக்கு வெளிநாட்டிலிருந்து வந்ததன்று. இந்தத் தாமிரபரணிக் கரையிலேயே வந்தது.

முதலில் அந்தத் தட்டின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் அதை நான்கு வரிகளில் கடந்துவிட்டார். லண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள சதக் என்னும் நிர்வாகப் பகுதி, பழைய சதக், பெர்மண்ட்சி, கேம்பர்வெல் ஆகிய மூன்று தனித்தனி ஆட்சிப் பகுதிகளை ஒன்றாகச் சேர்த்து 1965இல் உருவாக்கப்பட்டது. 1970களில் அதன் மன்றம் தனக்குப் புதியதொரு நகர்மன்றக் கட்டடம் கட்டத் திட்டமிட்டது. அந்தப் பகுதிக்குள் அடங்கிய பெக்கம் என்னும் இடத்து மக்கள், பெக்கம் ஆக்‌ஷன் குரூப் என்ற பெயரில் கூடி அந்தத் திட்டத்தை எதிர்த்தார்கள். மனு எழுதுவதும் கூட்டம் போடுவதும் எந்த ஊரிலும் நடப்பவை. இவர்கள் கூடுதலாக ஒன்று செய்தார்கள். லண்டனுக்கு வெளியே, சரே மாவட்டத்தின் கில்ட்ஃபோர்டைச் சேர்ந்த இளைஞர்களின் குழுவொன்று தங்கள் கோரிக்கையைப் பாடி 1978இல் தட்டாக வெளியிடுவதற்குத் துணைநின்றார்கள். ‘நோ டவுன் ஹால்’, அதாவது நகர்மன்றம் வேண்டாம் என்பதே அந்தப் பாட்டின் பெயர். இனவெறியை எதிர்த்து அந்நாளில் நடந்த மேடைகளிலெல்லாம் ஏறிய குழு அது. உலகத்துப் பெரிய அநீதிகளைப் பற்றிப் பாடத் தெரியாதவர்கள் அல்லர் அவர்கள். இருந்தும் முதல் தட்டின் முகப்பில் ஒரு பேட்டைக்காரர்களின் வழக்கைத்தான் வைத்தார்கள்.

மூன்று ஊர்களை ஒன்றாக்கி ஒரு மன்றத்தின்கீழ் வைத்தால் என்னவாகும் என்று திருநெல்வேலிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்ற மூன்று நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் இணைத்து நம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது, ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தவர்களையும், அந்தப் பக்கத்தவர்கள் இந்தப் பக்கத்தவர்களையும் எதைப் பற்றியெல்லாம் சந்தேகப்பட்டோம் என்பது என் தலைமுறைக்கு நினைவிருக்கும். அலுவலகம் எங்கே அமையும், யார் செலுத்தும் வரியில் எந்தத் தெருவுக்கு விளக்கு எரியும், நம்முடைய குப்பை அள்ளுவதற்கு இனி யாரிடம் போய் நிற்பது என்ற கேள்விகள் மேலோட்டமாகப் பார்ப்பவர்களுக்குச் சில்லறைக் கேள்விகளாகத் தோன்றும். அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்கோ அவைதாம் அரசியல். பெக்கம் மக்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நகர்மன்றம் என்பது நான்கு சுவரும் கூரையும் மட்டுமல்ல. ஊர்ப்பணம் எதற்குப் போக வேண்டும், எதற்குப் போகக் கூடாது என்ற வழக்கு அந்தக் கட்டடத்தில்தான் வந்து முட்டுகிறது. அதனால் கட்டடத்தைப் பற்றிய பாட்டு என்று அதை ஒதுக்கிவிட என்னால் இயலாது.

தட்டு என்று எழுதும்போதே எனக்கு என் தந்தையாரின் நினைவு வருகிறது. அவர் எங்கள் ஊரில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்கும் கோவில் கொடைவிழாவுக்கும் ஆம்ப்ளிஃபயரையும் கூம்புக் குழாய்களையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். இசைத்தட்டுப் பெட்டியை மட்டும் என் மடியில் வைத்துக்கொள்வேன். நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் ஏழங்குலத் தட்டு அப்போது எங்களுக்கெல்லாம் பழக்கமானது. பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பாட்டுதான் இருக்கும். அந்தச் சின்னத் தட்டின் சிறப்பே அதுதான் என்று என் தந்தையார் சொல்வார்; கேட்பவரின் கவனம் சிதறுவதற்கு அதில் இடமில்லை, ஊசியை வைத்தால் இந்தப் பாட்டு, இல்லையென்றால் எதுவும் இல்லை. அயல்நாடுகளில் சிங்கிள் என்று வழங்கப்படுவதும் அதே ஏழங்குலத் தட்டுதான். 1977, 1978 ஆண்டுகளில் இங்கிலாந்தின் பங்க் குழுக்கள் பெரிய கம்பெனிகளின் வாசலில் காத்திருக்காமல், தாங்களே சிறு பெயரொன்றைச் சூட்டிக்கொண்டு தட்டுகளை அச்சிடத் தொடங்கின. டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்னும் குழு தன் முதல் தட்டை 153 பவுண்டுச் செலவில் கொண்டுவந்துவிட்டு, இது எளிது, மலிவு, நீங்களும் போய்ச் செய்யுங்கள் என்று கேட்பவர்களுக்கே வழிசொன்னது. தட்டு வெளியிடுவது அவ்வளவு எளிதாகிவிட்டிருந்த காலத்தில்தான், பேட்டை மக்களின் குழுவொன்று துண்டறிக்கை அடிப்பதுபோல ஒரு பாட்டை அடித்து வெளியிட முடிந்தது. இந்த வரலாற்றை விட்டுவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது கூச்சல் மட்டும்தான் என்று வாசகர் நினைத்ததில் வியப்பில்லை.

பாட்டைத் துண்டறிக்கையாக அடித்து விற்பது நம் நாட்டுக்குப் புதிதா என்றால், இல்லை. என் பாட்டனாரின் தகரப் பெட்டியில் சாணிக் காகிதத்தில் அச்சிட்ட சிந்துப் புத்தகங்கள் ஒரு கட்டு இருந்தன. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், அதற்குமேல் போகாது. கொலைச் சிந்து, வெள்ளச் சிந்து, ரயில் விபத்தைப் பற்றிய சிந்து என்று ஊரைக் குலுக்கிய சம்பவம் எதுவாயினும் சில நாட்களுக்குள் அது மெட்டுக்குள் வந்துவிடும். சந்தையிலும் தேர்த்திருவிழாவிலும் முச்சந்தியிலும் நின்று ஒருவர் பாடுவார். பாடி முடித்ததும் காலணாவுக்கும் அரையணாவுக்கும் புத்தகத்தை விற்பார். வாங்கியவர் வீட்டுக்குப் போய் எழுத்துக்கூட்டிப் படித்து, அதே மெட்டில் தானும் பாடுவார். அந்தப் புத்தகங்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் நிலைத்த புகழ் பெறவில்லை. அவர்களில் பலர் ஒரே ஒரு சிந்தோடு நின்றுபோனவர்கள். அதற்காக அந்தச் சிந்து பொய்யாகிவிடவில்லை. ஊரில் நடந்ததை, நடந்த சூட்டோடு, நடந்த இடத்தின் பெயரைச் சொல்லிப் பாடியது அது. அந்த எட்டுப் பக்கப் புத்தகத்துக்கும் பெக்கத்துத் தட்டுக்கும் இடையில் நான் காணும் உறவு வலிந்து பொருத்திய உறவன்று.

வில்லுப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் நெல்லைச் சீமையில் இந்தப் பேச்சு நிறைவுபெறாது. மக்கள் பாடிய கதைகளைச் சேகரித்து அச்சேற்றிய நாங்குநேரிப் பேராசிரியர் நா. வானமாமலை நமக்கு விட்டுச்சென்ற பதிப்புகளில் முத்துப்பட்டன் கதை ஒன்று. பிராமணக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர்களுடைய தந்தையார் கேட்டபடியே பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து வாழ்ந்தான் என்று அக்கதை பாடுகிறது. பொதிகை அடிவாரமும் பாபநாசமும் அதில் பெயரோடு வருகின்றன. இன்றும் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகிறவர்கள் முத்துப்பட்டன் தெய்வமாகி நிற்கும் பட்டவராயன் சன்னிதிக்குச் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். பின்னால் வந்த கதை வடிவங்களில் அந்தப் பெண்களையே பிராமணப் பிறப்பாக்கிக் கதையின் முனையை மழுக்கிவிட்டதையும் வானமாமலை எடுத்துக்காட்டினார். ஒரு பாட்டு கூர்மையாக இருக்கும்வரை அதை மழுக்குவதற்கு ஆட்கள் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். பாடியவுடனேயே தட்டிலோ தாளிலோ பதித்துவைப்பதன் தேவை எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

நான் நேரில் கண்ட ஒன்றையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது. ஊருக்கு மேற்கே ஒரு மடை உடைந்து, இரண்டு பிசான நெற்பருவங்களாகக் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் எட்டாமல் கிடந்தது. அதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு ஊரார் எழுதிய மனுக்களில் நான்கு என் கையெழுத்திலேயே போனவை. பதில் வரவில்லை. அந்த ஆண்டு சுடலைமாடன் கோவில் கொடைக்கு வில்லுப்பாட்டுப் பாட வந்த புலவரிடம் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் இந்தச் செய்தியைச் சொன்னார்கள். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நடுச்சாமத்துக்குப் பிறகு, கதையில் மாடன் காவலுக்குப் புறப்படுகிற கட்டம் வந்தது. காவலுக்குப் போகிற மாடன் கால்வாய்க் கரைவழியே நடந்து வருகிறான், வந்தவன் உடைந்த மடையைப் பார்க்கிறான் என்று புலவர் கதைக்குள்ளேயே எங்கள் மடையைக் கொண்டுவந்துவிட்டார். மடை தன் குறையை மாடனிடம் சொல்கிறது. பார்வையிட வருவதாகச் சொன்னவருக்காக வைத்த வாழைக்குலை பழுத்தது, பழுத்தது உதிர்ந்தது, உதிர்ந்தது உரமாயிற்று, அவரோ வரவில்லை என்று அது முறையிடுகிறது. வீசுகோல் நாணில் விழ, குடக்காரர் ஒரு தட்டுத் தட்ட, பின்பாட்டுக்காரர் “ஆமா” என்று போட்டதும், உட்கார்ந்திருந்த அத்தனை சனமும் சேர்ந்து “ஆமா” என்றது. நான் ஆசிரியர் என்ற நினைப்பையெல்லாம் விட்டுவிட்டு அவர்களோடு சேர்ந்து “ஆமா” என்றேன்.

மறுநாளே மடை கட்டப்பட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. மேலும் ஓர் ஆண்டு சென்றுதான் வேலை நடந்தது. ஆனால் அந்த இரவுக்கு முன் மடை கடைமடைக்காரர்களின் வழக்காக மட்டுமே இருந்தது; தலைமடைக்காரர்கள் தங்களுக்கு என்ன வந்தது என்று ஒதுங்கியே இருந்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு அது ஊர் வழக்காயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் உணவு இடைவேளையில் அந்த வாழைக்குலை அடிகளைப் பாடிக்கொண்டு திரிந்ததை நான் தடுக்கவில்லை. நான் அத்தனை கவனமாக எழுதிய நான்கு மனுக்களில் ஒரு வரியாவது இன்று யாருக்கேனும் நினைவிருக்குமா? புலவர் பாடிய அந்த அடிகளைச் சில ஆண்டுகளுக்கு முன், இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்ட என் பழைய மாணவர் ஒருவர் சேரன்மகாதேவிப் பேருந்தில் என்னிடம் மெட்டோடு சொன்னார்.

மடையையும் கட்டடத்தையும் பாடலாம் சரி, ஆளையும் அதிகாரத்தையும் பெயர் சொல்லிப் பாடுவது பண்பா என்று சிலர் கேட்கலாம். 1908இல் நெல்லை மாவட்ட ஆட்சியராக இருந்த விஞ்ச் துரை வ.உ.சி.யிடம் பேசுவதுபோல ஒரு பாட்டும், வ.உ.சி. அவருக்கு மறுமொழி கூறுவதுபோல ஒரு பாட்டும் பாரதியார் எழுதியிருப்பதை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். பதவியில் இருந்த ஆட்சியரை நேருக்கு நேர் நிறுத்திப் பதில் சொல்லவைத்த பாட்டுகள் அவை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டதை அடுத்து நெல்லையில் எழுந்த கிளர்ச்சியில் நான்கு உயிர்கள் துப்பாக்கிக்கு இரையாயின. அப்படிப்பட்ட காலத்தில் ஆட்சியரைப் பாட்டுக்குள் இழுத்தவரின் மாவட்டத்திலிருந்து, பெயர் சொல்லிப் பாடுவது பண்பன்று என்ற குரல் எழக் கூடாது.

இரைச்சலைப் பற்றி இரண்டு சொல். கிட்டாரின் கடூர ஒலியும் கத்திப் பாடுகிற குரலும் எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. அந்தத் தட்டின் சொற்களை என் பேத்தி தாளில் எழுதிக் கொடுத்த பிறகே என்னால் பின்தொடர முடிந்தது. ஆனால் நையாண்டி மேளமும் உறுமியும் பம்பையும் ஒன்றாக முழங்கும் கொடையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். அந்த முழக்கத்தில்தான் நம் ஊரில் சாமியே இறங்குகிறது. ஒலி உரத்திருக்கிறது என்பதற்காக ஒரு பாட்டைக் குறைசொல்லும் உரிமை மற்ற மாவட்டத்தாருக்கு இருந்தாலும் நமக்கு இல்லை.

இனி, குழு கலைந்துபோனது பற்றி. கிரைசிஸ் குழு 1980இல் முடிவுக்கு வந்தது என்பதோடு வேறொன்றையும் வாசகர் குறிப்பிட்டிருக்கலாம். அவர் குறிப்பிடாததை நானே சொல்லிவிடுகிறேன். அக்குழுவில் இருந்த இருவர் 1981இல் தொடங்கிய மற்றொரு குழு, நாஜிகளை நினைவூட்டும் சின்னங்களைக் கையாண்டதாகக் கடுமையான கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இனவெறி எதிர்ப்பு மேடையில் பாடியவர்கள் இப்படிப்பட்ட கண்டனத்துக்கு இடம் தந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அதை நான் மறைக்கவோ மெழுகவோ முற்படவில்லை. ஆனால் அதனால் பெக்கத்துப் பாட்டு கெட்டுவிட்டதா என்பதை எண்ணிப் பார்த்தேன். அந்தப் பாட்டின் வழக்கு பாடியவர்களுடையதன்று. பாடவைத்த பேட்டை மக்களுடையது. கூலிக்கு மாரடித்தாலும் ஒப்பாரியின் துக்கம் இழவு வீட்டுக்காரர்களுடையது அல்லவா? வில்லுப்புலவர் மறுநாள் காலையில் குடத்தையும் வில்லையும் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே அவர் யாரைப் புகழ்ந்து பாடினார் என்பது எங்களுக்குத் தெரியாது. மடைப் பாட்டு எங்களிடம் இருந்தது. ஒரு குழு எத்தனை ஆண்டுகள் நிலைத்தது என்று கணக்குப் பார்ப்பவர், அந்தக் குழுவுக்கு வாயைக் கொடுத்த தெரு இன்னும் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சதக் மன்றத்தின் தலைமையிடம் 2009 வரை பெக்கம் சாலையிலிருந்த பழைய நகர்மன்றத்திலேயே நடந்தது. அதன் பிறகே தேம்ஸ் ஆற்றங்கரைக்கு அருகிலுள்ள டூலி வீதிக்கு மாறியது. ஒரு பாட்டு ஒரு கட்டடத்தைத் தடுத்துவிட்டது என்று இதை வைத்து நான் முடிவு கட்டமாட்டேன். ஊர் வழக்குகளில் பல கைகள் சேர்ந்துதான் எதுவும் நடக்கிறது. அந்தக் கைகளில் ஒன்று பாட்டைப் பிடித்திருந்தது, அவ்வளவே.

நம் ஊருக்கு வருகிறேன். திருநெல்வேலிச் சந்திப்பில் இருந்த பேருந்து நிலையம் புதிதாகக் கட்டுவதற்காக 2018இன் இறுதியில் இடிக்கப்பட்டு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டுக்கு வராமல் கிடந்தது. அத்தனை ஆண்டுகளும் வெயிலிலும் மழையிலும் சாலையோரம் நின்று பேருந்து ஏறியவர்களில் நானும் ஒருவன். தேநீர்க் கடைகளில் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. வழக்கு நடந்தது, செய்தி வந்தது, அறிக்கைகள் வந்தன. என் காதுக்கு எட்டியவரை ஒரு பாட்டு வரவில்லை. இத்தனை சிந்துக்கும் வில்லுக்கும் சொந்தக்காரர்களான நாம், நம் தலைமேல் வெயில் காய்ந்தபோது ஏன் பாடாமல் இருந்தோம் என்ற கேள்வி எனக்குள் ஆறாமல் இருக்கிறது.

அந்த ஆற்றாமையோடு இருந்த எனக்குச் சென்ற ஆண்டு ஒரு மகிழ்ச்சி கிடைத்தது. பாளையங்கோட்டையில் என் வீடு இருக்கும் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் கல்லூரி இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த நான்கு பிள்ளைகள், இரண்டு ஆணும் இரண்டு பெண்ணுமாக, கிட்டாரும் டிரம்ஸும் வைத்து ஒரு குழு தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் பாட்டு பாளையங்கால்வாயைப் பற்றியது. தாமிரபரணியிலிருந்து பிரிந்து, மேலப்பாளையம் வழியாக வந்து, குளங்களை நிரப்பி வயலுக்குப் பாய வேண்டிய அந்தக் கால்வாய், ஊருக்குள் நுழைந்ததும் எப்படிச் சாக்கடையாகிறது என்பதைத் தெருத்தெருவாகப் பெயர் சொல்லிக்கொண்டே போகிறது அந்தப் பாட்டு. எங்கள் வீட்டுக் கழிவுக் குழாயும் அதில்தான் விழுகிறது என்று பாடுகிறவளே முதல் அடியில் ஒத்துக்கொள்கிறாள். முதன்முறை கேட்டபோது அந்த அடிதான் என்னை உலுக்கியது. குற்றத்தை எங்கோ இருக்கும் ஒருவர்மேல் ஏற்றிவிட்டுத் தான் தள்ளி நிற்கிற பாட்டல்ல அது. பதிவுச் செலவுக்குத் தெருக்காரர்கள் நூறும் இருநூறுமாகக் கொடுத்தோம். தேநீர்க் கடைக்காரர் ஒரு நாள் வடை வியாபாரத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். பெக்கத்தில் நடந்ததைப் பற்றி எங்களில் யாருக்கும் அப்போது ஒன்றும் தெரியாது.

அந்தப் பாட்டில் குறையில்லாமல் இல்லை. மூன்றாவது சரணத்தில் கால்வாயை விட்டுவிட்டு, உலகம், முதலாளித்துவம், சிஸ்டம் என்று போய்விடுகிறார்கள். அந்த இடத்தில் பாட்டு தொய்ந்துவிடுகிறது என்று அவர்களிடமே சொன்னேன். முதலாளித்துவத்தைப் பாடக் கூடாது என்பது என் கருத்தன்று. அது உங்கள் கால்வாய்க்குள் எந்தக் குழாய் வழியாக வந்து விழுகிறது என்று காட்டிப் பாடுங்கள் என்றேன். டிரம்ஸ் வாசிக்கும் பையன் அதை ஒத்துக்கொண்டான், பாடுகிற பெண் ஒத்துக்கொள்ளவில்லை, நெடுநேரம் வாதாடினாள். ஒரு பாட்டைப் பற்றி ஓர் இளம்பெண் ஒரு கிழவனிடம் அவ்வளவு நேரம் வாதாடிய அந்த மாலைப்பொழுதை நான் பெரும்பேறாகக் கருதுகிறேன்.

ஒரு விழாவில் அந்தப் பாட்டைப் பாடினார்கள். இரண்டாவது இடத்தில், பொதுவான பாட்டு ஏதாவது பாடுங்கள், இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தேர்வு முடிந்ததும் ஒருவன் கோயம்புத்தூருக்கும், மற்றொருவன் சென்னைக்கும், கிட்டார் வாசித்த பெண் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். பாடிய பெண் மட்டும் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு இங்கே இருக்கிறாள். குழு தொடங்கி முடிந்தது ஏழு மாதத்துக்குள். ஒரு பாட்டோடு ஓய்ந்துபோகும் இன்றைய பிள்ளைகள் என்று அந்த வாசகர் தம் கடிதத்தின் இறுதியில் எழுதியது இவர்களை மனத்தில் வைத்தா என்பதை நான் அறியேன். அந்த வரியைப் படித்துவிட்டு அந்தப் பெண் என்னிடம் வந்து, “தாத்தா, நாங்க ஓஞ்சா போயிட்டோம்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இவ்வளவு நீளமாகத் தங்களுக்கு எழுதியிருக்கிறேன்.

தங்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. தங்கள் நெல்லைப் பதிப்பில் வாரம் ஒரு நாள், ஒரு கால் பத்தி அளவுக்காவது, இந்த வட்டாரத்து ஊர்களிலும் தெருக்களிலும் தங்கள் குறையைப் பற்றி மக்கள் கட்டும் பாட்டுகளின் சொற்களை அச்சிட வேண்டும். வில்லுப்பாட்டாக இருந்தாலும், கும்மியாக இருந்தாலும், கிட்டார்ப் பாட்டாக இருந்தாலும் வேறுபாடு பார்க்க வேண்டாம். ஊரின் பெயரும் குறையின் பெயரும் அதில் இருந்தால் போதும் என்று ஒரே நிபந்தனை வைக்கலாம். மெட்டு நாளிதழில் வராது என்பது உண்மை. சிந்துப் புத்தகத்திலும் மெட்டு அச்சாகவில்லை. இன்ன வர்ணமெட்டு என்று தலைப்பில் ஒரு வரி போட்டார்கள், படித்தவர்கள் பாடிக்கொண்டார்கள்.

தொடக்கமாக, பாளையங்கால்வாய்ப் பாட்டின் சொற்களை அந்த நால்வரின் ஒப்புதலோடு தனித் தாளில் எழுதி இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். மூன்றாவது சரணத்தை நான் மாற்றவில்லை. அது அவள் எழுதியபடியே இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை